பெங்களூரு பஸ் போகாத ஊர்

“சிங்கப்பூர்தானே, தமிழ் பேசற ஊரு. பெங்களூருக்குப் போற மாதிரி போயிட்டு வா.” பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் கட்டட வேலைக்குக் கிளம்புகிற பையனை வழியனுப்பும்போது யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிடுவார். அன்பாகத்தான் சொல்கிறார்கள். பையனுக்குப் பயம் தெளியட்டும், அவன் அம்மா அழுகையை நிறுத்தட்டும் என்றுதான். ஆனாலும் இந்த வாக்கியத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்பாதி உண்மை, பின்பாதி தவறு. அந்த உண்மைதான் தவறையும் சேர்த்து நம்பவைக்கிறது. போய் இறங்கிய முதல் மாதத்தில் நம் பிள்ளைகள் எதைப் பார்த்து அசந்துபோகிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்று யோசித்தால், கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வெளியூர் வேலை ஒன்றும் புதிதில்லை. மழை பொய்த்தால் பெங்களூரு. கம்பி கட்ட, சென்ட்ரிங் அடிக்க, பூச்சு வேலைக்கு, பெயிண்ட் வேலைக்கு. அங்கே கணக்கு எளிது. மேஸ்திரி தெரிந்தவர், அனேகமாகப் பக்கத்து ஊர்க்காரர். சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. எழுத்தில் எதுவும் கிடையாது, யாரும் கேட்பதும் இல்லை. கூலியில் குறைத்தால் சண்டை போடலாம். ஒத்துவராவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு சில்க் போர்டில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். திங்கட்கிழமை வேறொரு மேஸ்திரி. அந்த பஸ்தான் நம் ஆட்களின் பலம். இவன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்கிற பயம்தான் மேஸ்திரியையும் ஓரளவு நேர்மையாக வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் அந்த பஸ் கிடையாது. ஒர்க் பெர்மிட் எந்த முதலாளி பெயரில் அடித்திருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் வேலை பார்க்க முடியும். கிளம்பி வந்தால் பெர்மிட் போய்விடும், ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். இங்கே பஸ் செய்கிற வேலையை அங்கே காகிதம்தான் செய்ய வேண்டும். நம் ஆட்களுக்குப் பழக்கமே இல்லாத பொருள் அந்தக் காகிதம்.

பலகையில் இருக்கும் தமிழ்

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே தமிழ் கண்ணில் படும். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கும் அந்த நாட்டின் அதிகாரத்துவ மொழிகள். ரயில் நிலையத்தில் தமிழ், மருத்துவமனையில் தமிழ், கட்டுமானத் தளத்தின் எச்சரிக்கைப் பலகையில் தமிழ். பெங்களூருவில் கன்னடப் பலகையை எழுத்துக்கூட்டியவனுக்கு இது பெரிய ஆறுதல். டாலரை ‘வெள்ளி’ என்கிறார்கள், லிட்டில் இந்தியாவைத் ‘தேக்கா’ என்கிறார்கள். இரண்டு நாளில் வாய்க்குப் பழகிவிடும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், நண்பர்களோடு உருது என்று மூன்று நான்கு மொழிகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள் என்பதால், வங்கதேசத்து ஆட்களும் ஆந்திரத்து ஆட்களும் சேர்ந்திருக்கும் அறையில் இவர்கள்தான் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள்.

ஆறுதல் அதுவரைதான். பலகைகள் தமிழில் இருக்கும். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். எல்லாத் தாளும் இல்லை. ஒன்று மட்டும் தமிழிலும் வரும். ஐ.பி.ஏ என்று எல்லோரும் சொல்கிற முன் ஒப்புதல் கடிதம். அதைத் தொழிலாளியின் தாய்மொழியிலும் அனுப்ப வேண்டும் என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதி. அவர் கிளம்பும் முன்பே அது கைக்கு வந்துசேர வேண்டும். சாங்கியில் பார்க்கப்போகிற ஆயிரம் தமிழ் எழுத்தைவிட அந்தக் கடிதத்தில் இருக்கிற தமிழ் முக்கியம். ஆனால் நடப்பது வேறு. ஏஜென்ட் அதன் முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறார். பையன் தன் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவுக்குக் காட்டுகிறான்.

பார்க்க வேண்டியது வேறு இடம். அடிப்படை மாதச் சம்பளம், நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள் என்று மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் “1,200 வெள்ளி சம்பளம்” என்று சொல்லியிருப்பார். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 800 என்று இருக்கும். கேட்டால், மீதி ஓ.டி-யில் (கூடுதல் நேர வேலையில்) வந்துவிடும் என்பார். பொய் என்று சொல்லிவிட முடியாது, வரவும் வரும். ஆனால் ஓ.டி என்பது வேலை இருக்கும் மாதத்தில் வருவது. மதியம் இடியும் மழையுமாகத் தளம் நின்றுபோகிற மாதத்திலும், ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்காத மாதத்திலும் 800-தான் நிற்கும். அந்த நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று சட்டத்தில் ஒரு தொகை கிடையாது. அந்தக் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் அவருக்குச் சட்டம். எழுதிய அடிப்படைச் சம்பளத்தை முதலாளி குறைக்க வேண்டுமென்றால் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். ‘எழுத்துமூலச் சம்மதம்’ என்ற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் நீட்டப்படும் ஆங்கிலத் தாள்களில் ஒன்று அதுவாக இருக்கலாம்.

இதை இங்கேயே உட்கார்ந்து படித்தாக வேண்டும் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர் (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) வகை. அவர் சவூதிக்கோ குவைத்துக்கோ மலேசியாவுக்கோ போவதென்றால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதற்காக ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், 10 லட்சம் ரூபாய்க்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுக்க வேண்டும். சிங்கப்பூர் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே சம்பளம் எவ்வளவு என்று இந்தியப் பக்கத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். விமானம் ஏறும்வரை அந்தத் தாளைப் பார்க்கிற ஒரே ஆள் போகிறவர்தான். அதேபோல ஏஜென்ட் கட்டணமும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற நிறுவனம் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும். ஊரில் கைமாறுகிற தொகை இந்த இரண்டையும் கூட்டினாலும் அதைத் தாண்டுகிறது. 3 லட்சம் ரூபாயை நூற்றுக்கு 2 வட்டியில் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். முதல் சம்பளம் வருவதற்குள் இரண்டு வட்டி கட்டியிருக்க வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் 1978 முதல் இருக்கிறது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இவை.

பெட்டி கட்டும்போது மூன்று விஷயம். ஹான்ஸ், குட்கா, கைனி எதுவும் வேண்டாம். மென்று ஒதுக்கும் புகையிலை சிங்கப்பூரில் 2016 முதல் முழுத் தடை. கசகசா கட்டுப்பாட்டில் உள்ள பொருள், ஆகவே அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் “எங்க பையன்கிட்ட குடுத்துடுப்பா” என்று நீட்டும் ஒட்டிய பொட்டலத்தை வாங்கவே கூடாது. போதைப்பொருளுக்கு அங்கே மரண தண்டனை உண்டு, யார் கையில் இருந்ததோ அவரைத்தான் பிடிப்பார்கள். இவை போக, சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் 14 நாள்

ஊருக்குப் போட்டோ வருகிற நாட்கள் இவை. சுத்தமான ரோடு, உயரமான கட்டடம், குழாயைத் திறந்து அப்படியே குடிக்கும் தண்ணீர். குழாய்த் தண்ணீர் நம் ஆட்களை எவ்வளவு அசத்தும் என்று தருமபுரிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பல்லில் கறையேறிய தலைமுறையின் பிள்ளைகள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்த பிறகும் கேன் தண்ணீர் வாங்குகிற வீடுகள் இருக்கின்றன.

உடம்புக்குள் நடப்பது போட்டோவில் தெரியாது. முதலில் வெயில். “நம்ம ஊரு சித்திரை வெயில்ல கம்பி கட்டினவன், அந்த வெயில் என்னை என்ன செய்யும்” என்று போகிறவர்கள் மூன்றாம் நாள் தலைசுற்றி உட்கார்கிறார்கள். நம் ஊர் வெயில் வறண்டது. 38 டிகிரியிலும் வியர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். சிங்கப்பூரில் 32 டிகிரிதான், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். தண்ணீரும் உப்பும் வெளியே போகும், சூடு உள்ளேயே தங்கும். அதனால்தான் புதிதாக வந்தவரை ஏழு நாளாவது வெயில் வேலையில் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும் என்று அந்த அமைச்சே சொல்கிறது. வெப்பம், ஈரம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் கருவி பெரிய தளங்களில் இருக்கும். அந்தக் கூட்டு அளவு (வெறும் வெப்பநிலை அல்ல) 32-ஐத் தொட்டால் கடினமான வேலை செய்கிறவருக்கு மணிக்கு 10 நிமிட ஓய்வு, 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். ஓய்வு கேட்பது சோம்பேறித்தனம் என்று பெங்களூரு மேஸ்திரி சொல்லிக்கொடுத்திருப்பார். அந்தப் பாடத்தை அங்கே மறந்துவிட வேண்டும். மணிக்கு 300 மில்லி தண்ணீர் என்று கணக்கு வைத்துக் குடிக்க வேண்டும், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. சொந்தமாகச் சமைக்க வழியில்லாதவர்களுக்குக் கேட்டரிங். விடியும் முன் இரண்டு பொட்டலம் வரும், ஒன்று காலைக்கு, இன்னொன்று மதியத்துக்கு. விடியற்காலையில் கட்டிய மதியச் சோறு தளத்தில் ஏதாவது ஒரு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு பன்னிரண்டு மணிக்குப் பிரியும். இந்த ஈரக் காற்றில் ஏழு மணி நேரம் சும்மா இருக்காது. முதலில் கெடுவது தேங்காய் போட்ட குழம்பும் பருப்பும். குழம்பு தனிப் பையில் வந்தால் பிரித்ததும் மோந்து பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்ற வேண்டும். பொட்டலத்தை வெயிலிலும் கண்டெய்னருக்குள்ளும் வைக்காமல் நிழலில், காற்று வரும் இடத்தில் மாட்ட வேண்டும். களி தின்று வளர்ந்த வயிற்றுக்கு வெறும் அரிசிச்சோறு மதியம் மூன்று மணிக்கே பசிக்கும். வறுத்த கடலையோ அவித்த முட்டையோ ஒரு டப்பாவில் இருப்பது நல்லது. சமையலறை உள்ள விடுதி கிடைத்தால் ஊரிலிருந்து வரும் ராகி மாவுக்கு அங்கே பவுன் மதிப்பு.

விடுதியைப் பற்றி வீட்டில் சொல்லவே மாட்டார்கள். இரட்டை அடுக்குக் கட்டில், ஓர் அறையில் பல பேர். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பழைய விடுதிகள் முழுதாக இதற்கு மாற 2040 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போவது லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து. பளபளக்கும் அந்த நகரத்தில் இன்னும் அதற்குச் சட்டப்படி அனுமதி இருக்கிறது. இது மாற வேண்டும் என்று அங்கேயே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இதற்கு நடுவே இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. காசநோய், எச்.ஐ.வி, மலேரியா எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் பெர்மிட் கிடையாது, திரும்ப வேண்டியதுதான். கடன் வாங்கும் முன் இங்கேயே ஒரு மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள் என்பது அதனால்தான். அதே 14 நாளுக்குள் முதன்முறை வருகிறவர்களுக்கு ஒருநாள் அறிமுக வகுப்பும் உண்டு. கட்டுமானம், கப்பல் பட்டறை, உற்பத்தித் துறை ஆட்களுக்கு இது கட்டாயம், தமிழிலேயே நடக்கும், செலவு முதலாளியுடையது. அன்று தூங்கிவிடாதீர்கள் என்று போகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். யாரிடம் புகார் செய்வது, எந்தப் பிடித்தம் கூடாது என்று தொழிலாளிக்குத் தமிழில் சொல்லித்தரும் முதல் இடம் அதுதான். நான்கு மணிக்கு எழுந்த களைப்பில் ஏசி அறையில் கண் சொக்கத்தான் செய்யும்.

அப்புறம் போன். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, மாட்டைக் கட்டி, பாத்திரம் கழுவி முடித்து ஒன்பது மணிக்கு அம்மா “சாப்ட்டியாப்பா?” என்று கூப்பிடும்போது அங்கே இரவு பதினொன்றரை. அவன் விடியற்காலை நான்கு நான்கரைக்கு எழுந்தாக வேண்டும். அம்மாவிடம் சொல்லவும் மனம் வராது. “சாப்ட்டேம்மா, இப்பதான் படுக்கப் போறேன்” என்பான். ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். இப்படியே ஒரு மாதம் தூக்கம் குறைந்தவன் சாரத்தின் மேல் நிற்கிறான். வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி மாலை ஆறரை மணிக்குக் கூப்பிடுவது. அங்கே அப்போது ஒன்பது, குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.

முதல் சம்பளச் சீட்டு

வெளிநாட்டுக்குப் போனவர் உண்மையில் அந்த நாட்டைப் பார்ப்பது விமான நிலையத்தில் இல்லை, முதல் சம்பளம் வரும் அன்று ராத்திரிதான். அதுவரை பார்த்ததெல்லாம் வேடிக்கை. அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையில் ஐ.பி.ஏ கடிதத்தையும் இன்னொரு கையில் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கணக்குப் பார்ப்பவருக்கு அடுத்த இரண்டு வருடம் ஒருவிதமாகப் போகும், தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்ப ஓடுபவருக்கு வேறுவிதமாகப் போகும்.

சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் வர வேண்டும். ஓ.டி பணத்துக்கு 14 நாள் வரை அவகாசம் உண்டு. ஆகவே 7-ஆம் தேதி வந்த தொகை குறைவாக இருந்தால் உடனே ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதிக்க வேண்டாம், 14-ஆம் தேதி வரை பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கேட்க வேண்டும். சீட்டு எழுத்தில் வர வேண்டும் என்பது அங்கே 2016 ஏப்ரல் முதல் சட்டம். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம், ஓ.டி மணிகள், ஓ.டி பணம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். “மொத்தமா 1,100 போட்டாச்சு” என்று வாயால் சொல்வது சீட்டு ஆகாது.

கணக்கு இப்படி. மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 12-ஆல் பெருக்கினால் 9,600. வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி. 52-ஐ 44-ஆல் பெருக்கினால் 2,288. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி 4 வெள்ளி 20 காசு. ஓ.டி-க்கு அதன் ஒன்றரை மடங்கு, அதாவது ஏறக்குறைய 6 வெள்ளி 29 காசு. மாதம் 60 மணி ஓ.டி பார்த்திருந்தால் 377 வெள்ளிக்குச் சற்று மேல் வர வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது. ஒன்றரை மடங்கு போடாமல் 4.20-க்கே 60 மணியைப் பெருக்கிவிடுகிறார்கள். வருவது 252. ஒரே மாதத்தில் 125 வெள்ளி குறைகிறது, சீட்டில் ஓ.டி என்று ஒரு வரி இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. முன்னே சொன்ன “1,200 வெள்ளி” எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரியும். 800-ஓடு 377, அதைத்தான் ஏஜென்ட் முழுசாக்கிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் தனிக் கணக்கு. ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டுப் போனால், அரை நாளுக்குள் முடிந்தால் ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் போனால் இரண்டு நாள் சம்பளம். நாமாக “வேலை குடுங்க” என்று கேட்டுப் போனால் அதில் பாதி. ஒரு நாள் சம்பளம் என்பது அதே 9,600-ஐ 312-ஆல் (52 வாரம், வாரத்துக்கு 6 நாள்) வகுத்தது, 30 வெள்ளி 77 காசு. இதனால்தான் ஞாயிறு வேலைக்கு யார் கூப்பிட்டார்கள் என்பது முக்கியம். சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸப் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டால் போதும். மாதத்துக்கு 72 மணி ஓ.டி என்பது பொதுவான உச்சவரம்பு. அதைத் தாண்டிய மணிகளைச் சீட்டிலிருந்து காணாமல் போகச் செய்கிற பழக்கமும் உண்டு, ஆகவே டைம் கார்டை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு வெள்ளிக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கி, தேதி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், எந்தத் தளம், யார் சூப்பர்வைசர் என்று தினம் ஒரு வரி எழுத வேண்டும். தமிழில் எழுதினால் போதும். சம்பளத் தகராறு அமைச்சுவரை போனால் முதலில் கேட்பது இதைத்தான்.

பிடித்தத்தில் மூன்று விஷயம் எப்போதும் தவறு. லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதவரி, அதைத் தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. அமைச்சிடம் முதலாளி கட்டும் 5,000 வெள்ளிப் பிணைத்தொகையையும் பிடிக்கக் கூடாது. “சேவிங்ஸ்” என்று மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்துவைத்து, முழுக் காலமும் வேலை பார்த்தால் தருவேன் என்பதும் கூடாது. தங்குமிடம் போன்ற வசதிகளுக்குப் பிடிக்கலாம், அந்த மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமல். லெவியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்ட் அடித்து, அதாவது திறன் தேர்வில் தேறிப் போகிற புதியவர் ஆர்.2, அடிப்படைத் திறன் நிலை. கட்டுமானத்தில் அவருக்கு லெவி 2024 முதல் மாதம் 900 வெள்ளி. அவரே அனுபவமும் கூடுதல் தேர்வும் சேர்த்து ஆர்.1, அதாவது உயர்திறன் நிலை, ஆகிவிட்டால் 500. முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு கேட்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் அது.

கணக்கு உதைத்தால் என்ன செய்வது? பெங்களூரு புத்தி இரண்டு வழிதான் காட்டும். ஒன்று சத்தம் போடுவது, இல்லாவிட்டால் விலகிப்போவது. இரண்டுமே அங்கே தொழிலாளிக்கே திரும்பி வரும். தளத்துக்கு வராமல் இருந்துவிட்டால் ஓடிப்போனார் என்று எழுதிவிடலாம். முதலில் சூப்பர்வைசரிடமோ அலுவலகத்திடமோ எழுத்தில் கேட்க வேண்டும், ஒரு வாட்ஸப் செய்தி போதும். பதில் இல்லையென்றால் சிராங்கூன் ரோட்டில் வெளிநாட்டு ஊழியர் நிலையம் இருக்கிறது, தமிழில் பேசலாம். சம்பளக் கோரிக்கையை வேலையில் இருக்கும்போதே ஒரு வருடத்துக்குள் கொடுக்கலாம். வேலை முடிந்துவிட்டால் ஆறு மாதம்தான். ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். முதலாளி மாற விரும்பினால் கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் முன்பு வரை ஒரு சன்னல் திறக்கும். அந்த நாட்களில் புதிய முதலாளி விண்ணப்பித்தால் பழையவரின் சம்மதம் தேவையில்லை. போய் இறங்கிய வாரத்திலேயே பெர்மிட் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்த நாட்களைக் குறித்துவைப்பது நல்லது. நம் ஆட்களுக்கு அங்கே இருக்கிற பஸ் அது ஒன்றுதான், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருபது நாள் மட்டும் நிற்கும்.

காயம் பட்டால் பொறுத்துக்கொள்கிற பழக்கமும் நம்முடையது. விரலில் ஆணி ஏறினால் மஞ்சள் வைத்துக் கட்டுகிறவர்கள். அங்கே வேலையில் பட்ட காயத்துக்கு யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு உண்டு, ஆனால் டாக்டரிடம் “வேலையில் பட்டது” என்று சொல்லிப் பதிவாகியிருக்க வேண்டும். ரூமில் விழுந்தேன் என்று சொல்லச் சொல்வார்கள். சொல்லக் கூடாது. பாஸ்போர்ட்டையும் பெர்மிட் அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொள்வார்கள். விருப்பத்துக்கு மாறாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

முதல் ஞாயிறு தேக்காவுக்குப் போகும்போது ஊர் முகம் ஒன்றாவது தென்படும். வீரமாகாளியம்மன் கோவில் வாசலில் நின்றால் தருமபுரிப் பேச்சு காதில் விழும். பணம் அனுப்பும் கடையில் வரிசை நிற்கும். உரிமம் பெற்ற கடையிலோ வங்கி வழியாகவோ மட்டும் அனுப்பி, ரசீதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு ஊர் வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றுவதும் பாக்கி இருக்கும், வெளிநாட்டுச் சம்பளத்துக்கென்று தனியாகத் தொடங்கும் என்.ஆர்.இ கணக்கில் வரும் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. இதற்காக ஊர் வர வேண்டியதில்லை, வங்கியில் கேட்டால் படிவம் அனுப்புவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. ஐ.பி.ஏ கடிதத்தின் எல்லாப் பக்கமும் ஒரு பிரதி எடுத்து ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே வைக்க வேண்டும். பெர்மிட் அட்டை வந்ததும் அதில் இருக்கும் ஃபின் எண் (வெளிநாட்டவர் அடையாள எண்), முதலாளி நிறுவனத்தின் பெயர், விடுதி முகவரி, கூட இருக்கும் ஒருவருடைய போன் எண், பெர்மிட் முடியும் தேதி. போனில் இருந்தால் போதாது, போன் உடையும், தொலையும். தினம் தாள் கிழிக்கிற காலண்டரின் அட்டையில் பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். வருடம் முடிந்து காலண்டர் மாற்றும்போது புது அட்டையில் மறக்காமல் திரும்ப எழுதுங்கள்.